லீஸ்திராவும் லண்டனும்: ஓர் ஓவியத்தைக் குறித்து

கிழக்கிந்தியக் கம்பெனியார் லண்டனிலிருந்த தங்கள் தலைமை இல்லத்தில், வருவாய்க் குழுவின் அறைக்கென 1778ஆம் ஆண்டில் ஒரு பெரிய தைல வண்ண ஓவியத்தை வரைவித்தனர். கார்பு தீவினரான ஸ்பிரிடியோனே ரோமா அதனைத் தீட்டினார். கிழக்கு தன் செல்வங்களைப் பிரித்தானியாவுக்குப் படைக்கிறது என்பதே பொருள். இன்று அது அந்நாட்டு வெளியுறவு அமைச்சகக் கட்டிடத்தில் உள்ளது. மயிலாப்பூர் வாசிகளுக்கு அதனால் ஆவதென்ன என்று கேட்கலாகாது. 1749இல் சாந்தோமைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டது இக்கம்பெனியே. படத்தில் பணியும் இந்தியாவில் நம் ஊரும் அடங்கும்.

பாறைமேல் பிரித்தானியா வீற்றிருக்கிறாள். ரோமர் தம் மாகாணம் ஒன்றுக்குக் கற்பித்த பெண்ணுரு அவள். இந்தியா மணிமுடியையும் முத்துகளையும், சீனா பீங்கானையும் தேயிலையையும் ஏந்தி நிற்க, வணிகத்தின் தேவனாகிய மெர்க்கூரி அவர்களை முன்செலுத்துகிறான். ரோமாவை முதல் வரிசை ஓவியர் என எவரும் கூறார். எனினும் பழைய அமைப்பு ஒன்றை அவர் நன்கறிந்திருந்தார். அமர்ந்திருப்பவர்முன் கிழக்கத்தியர் காணிக்கையோடு பணிவது, ஐரோப்பிய ஆலயங்களில் நாம் காணும் சாஸ்திரிகளின் காட்சியன்றோ? பாலகனுக்குரிய இடத்தில் ஒரு வணிகக் குழுமத்தின் ஆதாயம் அமர்த்தப்பட்டுள்ளது. புறச்சமயத் தேவர்களைவிட இவ்விடமாற்றமே நம்மை உறுத்துகிறது.

மனமுவந்த காணிக்கை என்பதும் பொய். 1770இல் வங்காளம் பஞ்சத்தால் மடிந்தபோதும் வரிவசூல் நின்றபாடில்லை. நமக்கு அண்மையில், சேப்பாக்கத்து அரண்மனையில், ஆற்காட்டு நவாப் கம்பெனி ஊழியரிடம் பட்ட கடனில் அமிழ்ந்துகொண்டிருந்தார். அக்கடன்களைக் குறித்துப் பர்க் 1785இல் பாராளுமன்றத்தில் இடித்துரைத்தார்.

மெர்க்கூரியை நம் வேதாகமமும் அறியும். லீஸ்திராவின் மக்கள் பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் எண்ணிப் பலியிட வந்தபோது, இருவரும் தம் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினர் (அப். 14). மாலைக்குப் பழகிய நம் போதகர்களுக்கு அவ்வோட்டம் எளிதன்று.

ஓவியம் தீட்டப்பட்ட மறு ஆண்டில், 1779இல், சென்னை அரசு ஸ்வார்ட்ஸ் ஐயரை ஐதர் அலியிடம் தூதனுப்பிற்று. தூதும் மெர்க்கூரியின் தொழிலே. ஐதர் வழிச்செலவுக்கு அளித்த 300 ரூபாயை ஐயர் அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். பின்னர் அது தஞ்சையில் பள்ளிப் பணிக்கு வழங்கப்பட்டது. பணத்தைப் பொறுத்தமட்டில் அவர் பவுலின் பக்கம் நின்றார். தூதைப் பொறுத்தமட்டில் அவ்வாறு உடனே தீர்ப்பளிக்க நம்மால் இயலவில்லை. சமாதானம் நாடியே அவர் சென்றார். அனுப்பியவர்களின் எண்ணமும் அதுதானா என்பதை நம் திருச்சபை வரலாற்று வகுப்புகள் போதிய அளவு விசாரிக்கவில்லை. 1780இல் போர் மூண்டது.