மார்மன் நூலின் ஆசிரியர் யார்?

ஒரு நூலை இயற்றியவர் இன்னார் என்பதை நூலின் அகத்தே தேடாது புறத்தே தேடுவார் எய்தும் இடர்ப்பாடுகளுக்கு, அமெரிக்க நாட்டில் 1830-ஆம் ஆண்டு வெளிவந்த மார்மன் நூலைப் பற்றிய ஆராய்ச்சி தக்கதோர் எடுத்துக்காட்டாகும். நியூயார்க் மாநிலத்துப் பால்மைரா என்னும் சிற்றூரில், கிராண்டின் என்பாரது அச்சகத்தில் 5,000 படிகளாக அச்சேறிய அந்நூல், இன்று ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களால் மறைநூலாகப் போற்றப்படுகின்றது. அதன் தோற்றம் பற்றிய வழக்கு, நூல் வெளிவந்த மறு ஆண்டிலேயே தொடங்கி இன்றளவும் ஓயாதிருக்கின்றது. அச்சமயத்தின் மெய்ம்மை பொய்ம்மைகளை ஆராய்தல் எம் நோக்கமன்று. இவ்வழக்கில் இரு தரப்பாரும் காட்டும் சான்றுகள் எத்தகையன, அவை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் செய்தியைச் சுருங்கக் கூறுவோம். 1805-இல் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்த ஜோசப் ஸ்மித் என்னும் உழவர் மகன், வானதூதர் ஒருவர் காட்டிய பொற்றகடுகளை 1827-இல் பெற்றதாகவும், அவற்றில் பண்டை அமெரிக்க மக்களின் வரலாறு பொறிக்கப்பட்டிருந்ததாகவும் கூறினார். தொப்பியினுள் இட்ட கல்லொன்றை முகம் புதைத்து நோக்கியவண்ணம் அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர் என்பது உடனிருந்தோர் உரை. மார்ட்டின் ஹாரிஸ் எழுதிய முதல் 116 பக்கங்கள் 1828-இல் அவர் கையிலிருந்தே காணாமற்போயின. நூலின் பெரும்பகுதியை 1829 ஏப்ரல் முதல் சூன் முடிய ஆலிவர் கௌடரி என்பார் எழுதி முடித்தார். ஏறத்தாழ 590 பக்கம் கொண்ட பெருநூல் அது.

இருபத்துமூன்று ஆண்டு நிரம்பிய, பள்ளிப் பயிற்சி மிகக் குறைந்த ஒருவர் இதனை எங்ஙனம் இயற்றியிருத்தல் கூடும்? இவ்வினாவை முதலில் எழுப்பினோர் பகைவர். 1834-இல் ஒகையோ மாநிலத்தில் ஹவ் என்பார் வெளியிட்ட மறுப்பு நூல், ஸ்மித்தை மடியர் என்றும் கல்லாதவர் என்றும் சாற்றும் அயலார் வாக்குமூலங்களைத் தொகுத்துத் தந்தது. கல்லாதவர் இயற்றினார் எனல் பொருந்தாதாகவே, வேறோர் ஆசிரியரைத் தேடவேண்டியதாயிற்று. 1816-இல் மறைந்த சாலமன் ஸ்பால்டிங் என்பார் எழுதி அச்சிடாது விட்ட கதையொன்றைச் சிட்னி ரிக்டன் என்னும் சமயப் பேச்சாளர் கவர்ந்து ஸ்மித்துக்கு அளித்தார் என்னும் கொள்கை இவ்வாறு பிறந்தது. இதற்கு நேர்மாறாக, ஸ்மித்தின் மனைவி எம்மா 1879-இல் தம் மகனுக்கு அளித்த விடைகளில், தம் கணவர் அக்காலத்தில் ஒரு மடலைத்தானும் செவ்வனே எழுத வல்லவரல்லர் என்றும், ஆதலின் அந்நூல் இறையருளால் வந்ததே என்றும் கூறினார். இரு கூற்றையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். பகைவரும் அன்பரும் ஒரே கால்கோளின்மீது நின்று வாதிட்டனர். 'கல்லாதவனால் ஆகாது' என்பதே அக்கால்கோள். அதனைச் சோதித்தறிய அவருள் எவரும் முயன்றாரல்லர்.

ஸ்பால்டிங் கொள்கை ஐம்பது ஆண்டு கோலோச்சியது. 1884-இல் ஹொனலூலு நகரில் ஒருவரிடமிருந்த பழந்தாள்களுக்கிடையே அவரது கையெழுத்துப் படி ஒன்று வெளிப்பட்டது. மறு ஆண்டே அது அச்சாயிற்று. கடல் கடந்து அமெரிக்கா சேர்ந்த உரோமானியரைப் பற்றிய அக்கதைக்கும் மார்மன் நூலுக்கும் நடையாலோ பெயராலோ உறவு காணல் அரிது. எனினும் கொள்கையாளர் பின்வாங்கினாரில்லை. காணாமற்போன மற்றொரு படி இருந்திருக்கவேண்டும் என்றனர். கிடைத்த சான்று எதிராயின் கிடைக்காத சான்றைத் துணைக்கழைத்தல் ஆராய்ச்சி நெறியாகாது. மேலும், ரிக்டன் ஸ்மித்தை முதன்முதல் கண்டது 1830 டிசம்பரில், அஃதாவது நூல் வெளிவந்து ஒன்பது திங்கள் கழிந்தபின் என்பதே கிடைக்கும் புறச்சான்றுகளின் முடிபு. ஸ்மித்தின் வரலாற்றை 1945-இல் எழுதிய ஃபான் பிரோடி, அவர்தம் சமய உரிமையை ஏற்காதவராயிருந்தும், இக்கொள்கையைத் தள்ளினார். அவரது நடுநிலை பாராட்டற்குரியது.

அடுத்து எழுந்தது ஈதன் ஸ்மித் என்னும் பாதிரியாரின் நூல் பற்றிய வாதம். (பெயர் ஒத்திருப்பினும் இருவரும் உறவினரல்லர்.) அமெரிக்கப் பழங்குடியினர் இசுரவேலரின் வழியினர் என நாட்டும் அந்நூல் 1823-இல் வெர்மாண்டில் வெளிவந்தது. மார்மன் திருச்சபைத் தலைவர்களுள் ஒருவரான ராபர்ட்ஸ் என்பாரே இவ்விரு நூல்களின் ஒப்புமைகளை 1920-களில் தொகுத்தெழுதினார். அவர் 1933-இல் மறைந்தார். அவ்வெழுத்து 1985-இல்தான் அச்சேறியது. தம் சமயத்துக்கு இடர் தரும் வினாக்களைத் தாமே எழுப்பிய அப்பெரியாரின் நேர்மைக்கு யாம் தலைவணங்குகின்றோம். ஆயினும் ஒப்புமை வேறு, கடன் வேறு. பழங்குடியினர் எபிரேயர் வழியினர் என்னும் கருத்தை 1775-இலேயே ஆடேரும், 1816-இல் பூடினாட்டும் எழுதியிருந்தனர். ஊர்ப்பொதுக் கிணற்று நீரை ஒருவர் குடத்திற் கண்டு, அது அடுத்த வீட்டிலிருந்து கவர்ந்தது என்று எவ்வாறு துணிவது?

சொற்களைக் கணக்கிட்டு ஆசிரியரைத் துணியும் முறை இதன்பின் வந்தது. 1980-இல் மார்மன் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் நூலினுள் பல ஆசிரியரின் நடை காணப்படுகின்றது என்றனர். 1992-இல் ஹோம்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் அங்ஙனம் பிரித்தறியத்தக்க வேறுபாடு இல்லை என மறுத்தார். 2008-இல் ஜாக்கர்ஸ் முதலியோர் கணிப்பொறியின் துணைகொண்டு ரிக்டனையும் ஸ்பால்டிங்கையும் மீண்டும் அரங்கேற்றினர். இவ்வாய்வின் பெருங்குறை யாதெனின், ஒப்பிடற்கு எடுத்த ஆசிரியர் பட்டியலில் ஜோசப் ஸ்மித்தின் பெயரே இல்லாமை. அவர் தம் கைப்பட எழுதியன என ஐயமின்றிக் கொள்ளத்தக்கவை சிலவே என்பது அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அவையில் இருப்போருள் நெடியவர் யார் எனின் ஒருவர் பெயர் வந்தே தீரும். ஊரிலேயே நெடியவர் அவர் என்பது அதனாற் பெறப்படாது. இக்குறையை 2011-இல் அதே இதழில் வேறு சிலர் எடுத்துக்காட்டினர்.

இனிக் கையெழுத்துப் படிகளுக்கு வருவோம். உண்மைச் சான்று கிடப்பது இங்கே என்பது எம் கருத்து. சொல்லக் கேட்டெழுதிய மூலப்படி 1841-இல் நாவூ நகரில் ஒரு கட்டடத்தின் மூலைக்கல்லினுள் வைக்கப்பட்டது. 1882-இல் வெளியே எடுத்தபோது ஈரத்தாற் பெரிதும் அழிந்திருந்தது. நான்கில் ஒரு பங்கினும் சற்று மிகுதியே இன்று எஞ்சியுள்ளது. அச்சுக்கென அதனைப் பார்த்தெழுதிய இரண்டாம் படி ஏறக்குறைய முழுமையாகக் கிடைக்கின்றது. 1988 முதல் இவற்றை எழுத்தெழுத்தாக ஆராய்ந்துவரும் ராயல் ஸ்கௌசன், மூலப்படியிற் காணும் பிழைகள் செவிப்பிழைகள் என்றும், இரண்டாம் படியிற் காண்பன கண்பிழைகள் என்றும் காட்டினார். ஏட்டை ஒருவர் படிக்க மற்றொருவர் எழுதிய நம் சுவடிகளிற் பழகியவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஆயின், மூலப்படி கேட்டெழுதியது என்பது மட்டுமே இதனாற் பெறப்படும். சொன்னவர் தாமே சொன்னாரா, மறைத்துவைத்த ஏட்டைப் படித்துச் சொன்னாரா என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

அச்சான்றினை நூலே தருகின்றது. 116 பக்கங்கள் தொலைந்தபின் ஸ்மித் தொடக்கத்திற்குத் திரும்பவில்லை. விட்ட இடமாகிய மோசியாவின் பகுதியிலிருந்தே மேற்சென்றார். இறுதிவரை முடித்த பின்னரே, இன்று முதற்கண் நிற்கும் நேபி முதலிய பகுதிகளைத் தொலைந்தவற்றுக்கு ஈடாகச் சொன்னார். இரண்டாம் படியில் மோசியாவின் முதல் அதிகாரம் மூன்றாம் அதிகாரம் என எழுதப்பட்டுப் பின்னர் முதலாவது எனத் திருத்தப்பட்டிருத்தல் இதற்கோர் அடையாளம். 'ஆதலால்' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் 'தேர்ஃபோர்', 'வேர்ஃபோர்' என இருசொற்கள் உள. நூலை இன்றுள்ள வரிசையிற் படித்தால், தொடக்கத்தில் 'வேர்ஃபோர்' மிகுந்து, மோசியா முதலான நடுப்பகுதியில் 'தேர்ஃபோர்' மிகுந்து, ஏத்தேர், மரோனி என்னும் இறுதிப் பகுதிகளில் மீண்டும் 'வேர்ஃபோர்' தலைதூக்கக் காண்போம். சொல்லப்பெற்ற வரிசையிற் படித்தாலோ மாற்றம் ஒருமுறையே நிகழ்கின்றது. ஒருவரது நா பழக்கத்தால் ஒரு சொல்லிலிருந்து மற்றொன்றிற்குச் சாய்ந்த தடமே இது. இதனை 1993-இல் பிரெண்ட் மெட்காஃப் விரிவாக எழுதினார்.

இச்சிறு சொற்சான்று ஸ்பால்டிங் கொள்கையை அடியோடு அசைக்கின்றது. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து நேர்ந்த ஒரு தொலைவை ஈடுசெய்யும் பகுதிகளை அவர் எழுதியிருத்தல் இயலாது. நூலின் சொல்வடிவம் 1829-ஆம் ஆண்டின் அறையில், அதனைச் சொன்னவர் வாயில் உருவானது என்றே யாம் கொள்கின்றோம். கல்வி குன்றியவர் என்பது தடையாகாது. விவிலியச் சொற்பொழிவுகளை நாளும் செவிமடுத்து வளர்ந்த ஒருவரது கேள்விச்செல்வத்தைப் பள்ளியாண்டுகளைக்கொண்டு அளத்தல் முறையன்று.

எனினும் இச்சான்று செல்லாத இடமும் ஒன்றுண்டு. சொல் மொழிபெயர்ப்பாளருடையது, பொருள் பண்டையது என அச்சமயத்தார் விடைகூறின், சொல்லாராய்ச்சி அவரை மறுக்கவியலாது. ஆண்டுப் பொருளையே ஆராய்தல் வேண்டும். நூலின் கதைப்படி நேபியின் குடும்பம் எருசலேமை நீங்கியது கி.மு. 600 அளவில். ஆயின், அவர் கொண்டுசென்ற ஏட்டிலிருந்து எடுத்தாளப்பட்டனவாகக் காட்டப்படும் பகுதிகளில், பாபிலோன் சிறைவாழ்வின்போது எழுந்தன என விவிலிய ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருதும் எசாயாவின் பிற்பகுதி அதிகாரங்கள் சிலவும் உள. அவை 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பின் சொற்களையே பெரிதும் தழுவிச் செல்கின்றன. எசாயா முழுவதும் ஒருவரே பாடியது எனக் கொள்வார்க்கு முதற்றடை இல்லை. பிறர்க்கு அது கடத்தற்கரியது.

கோட்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். மார்மன் சமயத்தின் சிறப்புக் கோட்பாடுகள் யாவும் இந்நூலிலிருந்து பிறந்தன என எண்ணுவார் பலர். அஃது உண்மையன்று. இறைவன் ஒருகாலத்து மனிதனாயிருந்தான் என்னும் கொள்கை 1844-ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் வெளிப்படுவது. நூலில் அதற்கு இடமில்லை. பலதார மணத்தை இறைவன் ஆணையிட்டாலன்றிக் கூடாதென நூல் கடிகின்றது. அதற்கு இசைவளித்த வெளிப்பாடு 1843-இல் எழுதப்பட்டு, 1890-இல் அவ்வழக்கம் விலக்கப்பட்டது. தந்தையையும் மைந்தனையும் 1830-ஆம் பதிப்பு வேறுபாடு தோன்றாது கூறிய நான்கு இடங்களில், 1837-ஆம் பதிப்பு 'மைந்தன்' என்னும் சொல்லைச் சேர்த்தது. கோட்பாடு வளர வளர மூலநூலும் அதற்கேற்பத் திருத்தம் பெற்றமைக்கு இப்பாடவேறுபாடு கையிலெடுத்துக் காட்டத்தக்க சான்று.

பொற்றகடுகள் இன்று நம்முன் இல்லை. ஆதலின் மூலத்தோடு ஒப்பிடுதல் அங்கு இயலாது. ஸ்மித்தின் மற்றொரு மறைநூலுக்கு மட்டும் அவ்வாய்ப்பு உண்டு. 1835-இல் விலைக்கு வாங்கிய எகிப்திய ஏடுகளைக்கொண்டு ஆபிரகாமின் நூலை அவர் 1842-இல் வெளியிட்டார். 1871-ஆம் ஆண்டுச் சிகாகோ பெருந்தீயில் எரிந்தன எனக் கருதப்பட்ட அவ்வேடுகளுட் சில நியூயார்க் கலைக்கூடமொன்றிற் கண்டெடுக்கப்பட்டு, 1967-இல் திருச்சபையிடம் ஒப்படைக்கப்பெற்றன. அவற்றைப் படித்த எகிப்தியவியலார், ஹோர் என்னும் குரு ஒருவரின் உடலோடு வைத்த இறுதிச்சடங்கு ஏடு என்றனர். ஆபிரகாமின் பெயர் அதில் இல்லை. எஞ்சிய துண்டுகள் நூலோடு பொருந்தாமையை 2014-இல் திருச்சபையே தன் கட்டுரையொன்றில் ஒப்புக்கொண்டது. அவ்வேடுகள் அருள்வெளிப்பாட்டைத் தூண்டிய கருவியாயிருத்தலும் கூடும் என்பது அக்கட்டுரை சுட்டும் விளக்கங்களுள் ஒன்று. அங்ஙனமாயின் 'மொழிபெயர்ப்பு' என்று ஸ்மித் வழங்கிய சொல்லின் பொருளே மாறிவிடுகின்றது. பொற்றகடுகளைக் குறித்து அவர் அச்சொல்லை வழங்கியதற்கும் இம்மாற்றம் செல்லுமா என்னும் வினா அச்சமயத்து அறிஞரிடையே இப்போது எழுந்துள்ளது.