நீலச் சாயமும் கல் வரம்பும்

நகர வீதிகளில் மிதிவண்டிக்குத் தனிவழி வேண்டும் என்பதைப் பலரும் இன்று ஒப்புக்கொள்கின்றனர். அவ்வழியை எவ்வாறு வகுப்பது என்பதிலேதான் பிழை நேர்கிறது. சாலையோரத்தில் சாயம் பூசினால் வழி பிறந்துவிடும் என்னும் எண்ணம் ஆராயத்தக்கது.

இலண்டன் மாநகரம் 2010-இல் ‘சைக்கிள் பெருவழி’ எனப் பெயரிட்டு இரு வழிகளைத் திறந்தது. பல இடங்களில் நீலச் சாயமே; அங்கெல்லாம் மோட்டார் வண்டியைத் தடுக்கும் வரம்பு இல்லை. அடுத்த ஆண்டு மற்றொரு நீலவழி, போ என்னுமிடத்து வட்டச் சந்திப்பு வரை வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஒருவரும் நவம்பரில் ஒருவரும் அச்சந்திப்பில் லாரி மோதி மாண்டனர். பின்னர் அவ்வழியின் பெரும்பகுதிக்குக் கல் வரம்பு இடப்பட்டு, அப்பணி 2016-இல் முடிவுற்றது. உயிர்களை இழந்தபின் கற்ற பாடம் அது.

அப்பாடம் கோலாலம்பூரை எட்டவில்லை. இங்கும் 2018-இல் நீலவழிகள் தோன்றின. அவற்றின் மேல் கார்கள் நின்றதைப் பலரும் கண்டித்தனர். குற்றம் கார் ஓட்டியவரிடம் மட்டுமன்று. ஏறி நிற்க இடங்கொடுத்த அமைப்பிடமும் உண்டு. கோலால் கோடு கிழித்துவிட்டு வயலில் நீர் தேங்கும் என்று எந்த உழவனும் நம்புவதில்லை. அவன் மண்ணை உயர்த்தி வரப்பெடுக்கிறான்.

சாயம் செலவு குறைந்தது, விரைவில் முடிவது என்பர். உண்மையே. வண்டிகள் மெல்லச் செல்லும் சிறு தெருவில் வரம்பே வேண்டியதில்லை. லாரியும் பேருந்தும் விரையும் பெருஞ்சாலையில் அவ்வாதம் நில்லாது.

இனி, கல் வரம்பு மட்டும் போதுமோ எனின், அதுவும் போதாது. நேர்ச்சாலையில் காத்த வரம்பு, சந்திப்பில் அறுந்துபோகிறது. இடப்புறம் திரும்பும் லாரியோட்டிக்குத் தன் அருகில் நேரே செல்லும் மிதிவண்டி தெரிவதில்லை. நெதர்லாந்து நாட்டினர் இதற்கு வழி கண்டனர். மூலையில் சிறு திட்டு அமைத்து, மிதிவண்டி கடக்குமிடத்தை ஏறத்தாழ ஒரு கார் நீளம் உள்ளே தள்ளினர். திரும்பும் வண்டி வேகம் குறைகிறது. கடப்பவர் ஓட்டுநரின் கண்முன் வருகிறார்.

அந்நாடும் இவ்வறிவுடன் பிறந்ததன்று. 1971-இல் அங்குச் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் நானூற்றுக்கு மேற்பட்டோர் பிள்ளைகள். பெற்றோர் வீதிக்கு வந்து போராடினர். 1970-களில் தி ஹேக், தில்பர்க் நகரங்களில் ஒவ்வொரு வழி சிறப்புற அமைத்துப் பார்த்தனர். எதிர்பார்த்த அளவு புதியோர் மிதிவண்டி ஏறவில்லை. 1980-களில் டெல்ஃப்ட் நகரில் வழிகளை வலைபோல் இணைத்தபோதே பயன் பெருகியது.

பாதை என்னும் சொல்லுக்குள்ளேயே தொடர்ச்சி என்னும் பொருள் அடங்கியுள்ளது. நடுவழியில் கைவிடுவது பாதையாகாது. ஆகவே, திட்டம் எத்தனை கிலோமீட்டர் என்று அளப்பது சரியான அளவுகோலன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அவ்வழியே பள்ளிக்குத் தனியே அனுப்பப் பெற்றோர் துணிவரா? துணிவர் எனின் அது வழி. தயங்குவர் எனின் அது வெறுஞ் சாயமே.