சுவரோரம் ஓட்டிப் பார்த்தால்

சிக்னலில் வண்டி நிற்கப்போகும் கடைசி நாலடியில் என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “என்னம்மா?” என்றேன். “உங்களுக்குக் கேக்கலையாப்பா?” என்றாள். உண்மையாகவே எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குப் பதினொன்று, எனக்கு ஐம்பத்திரண்டு. வயதாக ஆக, காது மேல் ஸ்தாயியிலிருந்துதான் கழன்றுகொண்டு வரும். பிரேக்கின் கீச்சு அந்த மேல் ஸ்தாயியில் உட்கார்ந்திருந்தால், ஓட்டுகிற ஆளைத் தவிர தெருவில் எல்லோருக்கும் கேட்கும்.

அந்தக் கீச்சு ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸில் தொடங்கி 15,000 வரைக்கும் போகக்கூடியது. நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000-க்கும் 5,000-க்கும் இடையில். கீச்சு அந்த இடத்தில் வந்து விழுந்தால் சின்னச் சத்தம்கூடப் பல்லைக் கூசவைத்துவிடும். டவுன் பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது போடுகிற ஊளை இதைவிடக் கீழ்ச் சுருதி. அதைக் கேட்டுவிட்டுத் தலை தூக்காமலே பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறவர்கள் உண்டு. அதற்கு ஒரு பயனாவது இருக்கிறது.

முதலில் பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில்தான் விட்டேன். புது பிரேக் பேட் போட்டார்கள். மூன்று வாரம் அமைதி. பிறகு மகள் மறுபடி காதைப் பொத்தினாள். மறுபடி புது பேட், மறுபடி மூன்று வாரம். காய்ச்சல்காரனுக்குச் சட்டையை மாற்றிவிட்டு அனுப்புகிற வைத்தியம் இது. பில்லில் மட்டும் எந்தக் குறையும் இல்லை.

மதுரையில் பழங்காநத்தத்துக்குப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் வேப்பமரம், அதன் அடியில் கழற்றிப்போட்ட டயர்கள். அங்கே மெக்கானிக் அண்ணன், அறுபதைத் தாண்டியவர். சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. முதலில் கேள்விகள் வந்தன.

“காலையில மொத மிதிக்கு மட்டும் கத்துதா, நாள் பூரா கத்துதா?”

“நாள் பூராண்ணே.”

“லேசா மிதிச்சாவா, அழுத்தி மிதிச்சாவா?”

“லேசா மிதிச்சா.”

“ரிவர்ஸ்ல?”

யோசித்தேன். கவனித்ததில்லை. அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். “மிதிச்சாக் கத்துதா, மிதிச்சா நிக்குதா தம்பி? அதையாச்சும் சொல்லுங்க.”

இந்தக் கேள்விகளில்தான் பாதி வேலை முடிகிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. காலை முதல் மிதிக்கு மட்டும் கத்தினால் அது பனி ஈரத்தில், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் படிந்த துருப்பூச்சு. நாலு மிதியில் உரசிப் போய்விடும், வைத்தியமே வேண்டாம். ஓடும்போது கத்தி, மிதித்ததும் சத்தம் மாறினாலோ நின்றாலோ, பேடின் ஓரத்தில் இருக்கும் சின்ன எஃகு நாக்கு டிஸ்க்கைத் தொட ஆரம்பித்திருக்கலாம். பேட் தேய்ந்து 2, 3 மில்லிமீட்டர் மிஞ்சும்போது சத்தம் போடட்டும் என்றே வைத்த நாக்கு அது. அதன் கீச்சைக் குறை சொல்லக்கூடாது, கடமையைச் செய்கிறது. பிரேக்கைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி கிறீச்சிட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகரத் தடுப்புக்கும் இடையில் ஒரு ஜல்லி மாட்டியிருக்கும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் ‘ஷ்ஷ், ஷ்ஷ்’ என்றால் டிஸ்க் நெளிந்திருக்கிறது, அல்லது வாரக்கணக்கில் மழையில் நின்றதில் பேட் அமர்ந்திருந்த இடம் மட்டும் தனித் திட்டாகிவிட்டது. கீச்சு போய் ‘கர்ர்’ என்று அரைக்கும் ஒலி வந்தால் பேடில் சரக்கே இல்லை, இரும்போடு இரும்பு. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகக்கூடாது.

மகள் காதைப் பொத்துவதை வைத்துப் பார்த்தால், என்னுடையது லேசாக மிதித்தால் வந்தது, அழுத்தினால் அடங்கியது. அண்ணன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். பதினெட்டு வயசு இருக்கும், கையெல்லாம் கிரீஸ், ஒரு பையன் வந்து பின் சீட்டில் ஏறினான்.

பக்கத்தில் ஒரு பழைய கிட்டங்கி. நீளமான காம்பவுண்டுச் சுவர். கண்ணாடிகளை இறக்கச் சொல்லி, சுவர் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொன்னார். பிறகு திரும்பி வந்து, சுவர் வலப்பக்கம். சுவரில் பட்டுத் திரும்பி வருகிற சத்தம், எந்தச் சக்கரம் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், சுவர் இருந்தால் போதும்.

“டேய், கேக்குதா?”

“முன்னாடி இடதுண்ணே. சன்னமா விசில் மாதிரி.”

“எனக்குக் கேக்கல தம்பி” என்றார் அண்ணன் என்னிடம், கூச்சமே இல்லாமல். “நாப்பது வருசம் சுத்தியல் சத்தம். அதான் இவனக் கூட்டிட்டு வர்றது.” ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வண்டியின் தரையில் ஊன்றியிருந்தார். பையன் காதால் கேட்டதை அவர் பாதத்தால் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குத் திரும்பியதும் ஜாக்கி போட்டு இடது முன் சக்கரத்தைக் கழற்றினார். பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரின் கீழ்ப் போல்ட்டைத் தளர்த்தி, மேலே தூக்கி, அந்தரத்தில் விடாமல் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டினார். பிரேக் ஹோஸில் அதன் பாரம் தொங்கக்கூடாது. நல்ல கைக்கு இதுவே அடையாளம். ஹோஸில் காலிப்பரை ஊஞ்சலாட விடுகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

இரண்டு பேடையும் உருவி என் உள்ளங்கையில் வைத்தார். மாற்றி ஒரு மாதம்தான். வெளிப்பக்கத்துப் பேட் கொழுகொழுவென்று இருந்தது, உள்பக்கத்தது கண்ணுக்குத் தெரிகிற அளவு மெலிந்திருந்தது. இரண்டின் முகங்களும் கண்ணாடி மாதிரி மினுங்கின.

“ஒரே நாள்ல போட்ட ரெண்டு. ஒண்ணு சாப்பிடுது, ஒண்ணு பட்டினி கெடக்குது. ஏன்?”

இந்த வகைக் காலிப்பருக்கு ஒரே பிஸ்டன், அது உள்பக்கம். பிஸ்டன் உள் பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி, வெளிப் பேடை இழுத்துக்கொண்டு வரும். இரண்டு உள்ளங்கையால் ஒரு தட்டைப் பிடிக்கிற மாதிரி. பின் இறுகிவிட்டால் ஒரு கைதான் பிடிக்கும், மறு கை சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். அப்படிச் சரியாகப் பிடிக்கவும் இல்லாமல் விடவும் இல்லாமல் உரசுகிற பேட்தான் பாடத் தொடங்குகிறது.

அண்ணன் மேல் பின்னை விரலால் இழுத்தார், வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. கீழ்ப் பின் வரவில்லை. இடுக்கியால் திருகித் திருகி எடுத்தார். அதன் நுனியில் ஒரு சின்ன ரப்பர் புஷ், ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தார்.

“வீல் பேரிங்குக்குப் போடுற கிரீஸை இதுக்குப் போட்டிருக்கான். பெட்ரோலிய எண்ணெய் கலந்தது பட்டா இந்த ரப்பர் ஊதிரும். இதுக்குன்னு சிலிக்கான் கிரீஸ் இருக்கு தம்பி. சின்ன டியூப்தான்.”

இரண்டு முறை பேட் மாற்றியவர்கள் இரண்டு முறையும் இந்தப் பின்னுக்கு அன்போடு தப்பான கிரீஸைத் தடவி அனுப்பியிருக்கிறார்கள்!

கத்துகிற இடத்தில் எண்ணெய் விடுவது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். மாட்டுவண்டி அச்சு கிறீச்சிட்டால் மசகு, கதவுக் கீல் கத்தினால் தேங்காய் எண்ணெய். பிரேக்கில் அந்தப் பழக்கம் ஆளைக் கொன்றுவிடும். உரசுவதற்கென்றே இருக்கிற முகத்தில் ஒரு சொட்டு பட்டால் சத்தமும் நிற்கும், பிரேக்கும் நிற்கும். வண்டிதான் நிற்காது. பின்னுக்கு வழுக்க வேண்டும், பேடின் காதுகளுக்குத் தடையில்லாமல் நகர வேண்டும், பேடின் முகத்துக்குக் கவ்வ வேண்டும். மூன்றும் ஒரே கையகல இடத்தில். இந்தத் தொழிலில் நான் ரசிப்பது இதைத்தான்: எதை இளக்கமாக விடுவது, எதை இறுக்கமாகப் பிடிப்பது என்கிற கணக்கு.

இதற்கு அந்தக் காலிப்பருக்குள்ளேயே ஒரு அழகான சாட்சி இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டில் ஒரு ரப்பர் வளையம். பிரேக் ஆயில் கசியாமல் அடைப்பது அதன் வேலை. மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது லேசாகச் சாய்கிறது. காலை எடுத்ததும் தன் பழைய வடிவுக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னால் இழுத்துவிடுகிறது. டிஸ்க் பிரேக்கில் பேடை விலக்குவதற்கென்று பெரிய ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சாய்ந்து நிமிர்கிற ஒரு ரப்பர்தான் எல்லாம்.

கீச்சு எப்படிப் பிறக்கிறது என்பதற்குப் பிடில் வில்லை நினைத்துக்கொள்ளலாம். வில் தந்தியைப் பற்றும், வழுக்கும், மறுபடி பற்றும். பேடும் டிஸ்க்கை அப்படித்தான் செய்கிறது. டிஸ்க்குக்கென்று சில சொந்த அதிர்வுகள் உண்டு, பேடுக்கும் காலிப்பருக்கும் அவரவர் அதிர்வுகள் உண்டு. எங்கோ இரண்டு அதிர்வுகள் ஒன்றோடொன்று இணைந்துகொண்டால் உராய்வு அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். டிஸ்க் பாடும். டிஸ்க்கைச் சாம்பல் வார்ப்பிரும்பில் வார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இரும்புக்குள் கிராஃபைட் செதில் செதிலாகக் கிடந்து அதிர்வை விழுங்கும். கோயில் மணிக்கு வெண்கலம் ஏன், பிரேக்குக்கு வார்ப்பிரும்பு ஏன் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது. ஒன்று ரீங்காரம் நீள்வதற்காக வார்ப்பது, மற்றது எழும்பாமல் இருப்பதற்காக.

பேடின் முதுகில் ஒட்டி வருகிற மெல்லிய தகடு, ஷிம், அதே காரியத்துக்குத்தான். தகடுகளுக்கு நடுவில் ரப்பர். அதிர்கிற பாத்திரத்தின் மேல் உள்ளங்கையை வைப்பது மாதிரி. ‘எக்ஸ்ட்ரா தகரம்’ என்று அதைக் கழற்றி எறிகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

டிஸ்க் பிரேக் பிறந்ததே அலறிக்கொண்டுதான். 1902-இல் இங்கிலாந்தில் பிரெடரிக் லாஞ்செஸ்டர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். சுழலும் உலோகத் தட்டைக் கவ்வுவதற்கு அவர் வைத்தது செம்பு. உலோகத்தோடு உலோகம் உரச, கேட்க முடியாத சத்தம். சில வருஷங்கள் கழித்து ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் செம்புக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங் கொடுத்து அந்த வாயை அடைத்தார். ஃபெரோடோ என்கிற பெயர் அவர் பெயரின் எழுத்துகளைக் கலைத்து, கூட ஒன்று சேர்த்து வைத்தது. ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலைத் தின்னும் என்று தெரிந்து அதைக் கைவிட்டது வெகு காலத்துக்குப் பிறகு. சத்தத்தை அடக்குகிற கலவை எது என்கிற அந்தத் தேடல் நம் ஊருக்கும் வந்தது. 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, 1964-இல் ரானே பிரேக் லைனிங், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், எல்லாம் சென்னையில் வேர் விட்டவை. உலோகத் தூள் அதிகமுள்ள பேட் வெயிலுக்கும் மலைப்பாதைக்கும் தாங்கும், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். உலோகம் குறைந்த பேட் அமைதியானது, தொடர்ந்து சூடேறினால் சோர்ந்துபோகும். கடைக்காரர் ‘பெஸ்ட் பேட் சார்’ என்பதற்கு எதற்கு பெஸ்ட் என்று திருப்பிக் கேட்கலாம்.

அண்ணன் உப்பிய புஷ்ஷை எறிந்துவிட்டுப் பையனைக் கடைக்கு அனுப்பினார். அவன் வருவதற்குள் பிராக்கெட்டில் பேடின் காது உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். துரு பொருக்குப் பொருக்காக விழுந்தது. தூசியைக் காற்றடித்து ஊதவில்லை, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். பேடை மாற்றவும் இல்லை! உப்புத்தாளைச் சிமெண்டுத் தரையில் விரித்து, பேடை முகங்குப்புற வைத்து, எட்டுப் போடுவது மாதிரி சுழற்றித் தேய்த்தார். மினுக்கு போய்ச் சொரசொரப்பான கருஞ்சாம்பல் வந்தது. அரத்தால் இரண்டு ஓரத்தையும் சாய்வாகச் சீவினார். கூர் முனைதான் முதலில் டிஸ்க்கைக் கொத்துமாம். “இன்னும் எட்டு மில்லிமீட்டர் இருக்கு. மெலிஞ்சது அஞ்சு இருக்கும். ரெண்டும் ஓடட்டும், அடுத்த சர்வீஸ்ல பாப்போம்.” கடைசியில் பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ், ஒரு பொட்டு மட்டும். அதிகம் வைத்தால் உள்ளே அடைபட்ட காற்றே பின்னைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

சக்கரத்தை மாட்டி நட்டுகளை எதிரெதிராக முறுக்கியதும் நான் சாவியை எடுத்தேன். “இருங்க இருங்க” என்று பாய்ந்து வந்தார். நின்ற இடத்திலேயே பிரேக்கை ஏழெட்டு முறை மிதிக்கச் சொன்னார். முதல் மிதி தரைவரை போனது. உள்ளே தள்ளிய பிஸ்டன் மறுபடி பேடைத் தேடி வர வேண்டும். மிதிக்காமல் கிளம்பியிருந்தால் முதல் பிரேக்குக்கு எதிரில் வேப்பமரம்தான்.

பிறகு ரிங் ரோட்டில், அறுபதிலிருந்து இருபதுக்கு, முழுசாக நிறுத்தாமல், பத்து முறை. நடுநடுவே ஆறவிட்டு. புதுத் தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி பேடும் டிஸ்க்கும் ஒன்றையொன்று பழகிக்கொள்ள வேண்டும். எட்டாவது முறை பையன் பின் சீட்டிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

புஷ்ஷுக்கும் கூலிக்கும் சேர்த்து அவர் வாங்கியது, சர்வீஸ் சென்டர் பில்லில் வரிக்குப் போட்ட தொகையைவிடக் குறைவு. கிளம்பும்போது சொன்னார்: “மழை பேஞ்ச மறுநாள் மொத ரெண்டு மிதி கத்தும். அதுக்கு வராதீங்க.”

நாலு நாள் கழித்து இரவெல்லாம் மழை. காலையில் பள்ளிக்குக் கிளம்பினோம். தெருமுனையில் மிதித்தேன், மகள் காதைப் பொத்தினாள். பால் பூத்துக்கு எதிரில் மிதித்தேன், மறுபடி பொத்தினாள். பெரிய சாலைக்குத் திரும்பும் இடத்தில் மிதித்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே ஏதோ நாய்க்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.