கட்டியங்காரன் இல்லாத கூத்து

2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடக்கூடாது, முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் வாயருகே மைக்கை நீட்டி அபிப்ராயம் கேட்பதை அனுமதிக்கக்கூடாது என்று. அந்த வருஷம் வந்த 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' மூன்றும் இந்த அபிப்ராயங்களால்தான் அடிபட்டன என்பது அவர்கள் கட்சி. அடுத்த மாதமே தயாரிப்பாளர்களின் இன்னொரு சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய், படம் வெளியாகி மூன்று நாட்களுக்கு எவரும் விமர்சனம் செய்யக்கூடாதென உத்தரவு கேட்டது. உடனடித் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. கேரளத்தில் இதே விவகாரம் 2023-லேயே நீதிமன்றம் ஏறி, நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஒருவர் 48 மணி நேரம் பொறுத்து விமர்சிக்கலாமே என்று யோசனை சொல்லும் அளவுக்குப் போயிற்று.

இதை விமர்சன சுதந்திரத்துக்கும் வியாபாரத்துக்கும் நடக்கிற போராட்டமாக எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மைக்கை நீட்டுகிறவன், மைக்கில் பேசுகிறவன், மைக்கைத் தடைசெய் என்கிறவன் மூவரும் பேசுவது ஒரே பாஷை. அந்தப் பாஷை சினிமாக் கம்பெனியின் பாஷை. 'ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லாக்', 'பிஜிஎம் வேற லெவல்', 'எமோஷன் கனெக்ட் ஆகல', 'கூஸ்பம்ப்ஸ்'. இந்த வார்த்தைகளைப் பார்வையாளன் தன் அனுபவத்திலிருந்து எடுக்கவில்லை. படத்தின் விளம்பரக் கூட்டத்தில் இயக்குநர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறான், முன்னால் ஒரு 'இல்லை'யைச் சேர்த்து. மயிர்க்கூச்செறியும் என்றார்கள், எறியவில்லை. கணக்கு நேராகவில்லை என்கிற கோபம்தான் இது. ஏமாந்த வாடிக்கையாளனின் கோபம். அது நியாயமான கோபமே. ஆனால் அதை விமர்சனம் என்று தயாரிப்பாளர் பயப்படுவதும், நாம் பெருமைப்படுவதும் வேடிக்கை.

நான் இருப்பது வாலாஜாபாத்தில். செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே, பாலாற்றங்கரையில். சுற்றுவட்டாரத்தில் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை எல்லாம் தறி ஊர்கள். தறியில் உட்கார வேண்டிய பையன்களில் பாதிப்பேர் இப்போது ஒரகடம் பக்கத்துக் கம்பெனி பஸ்களில் ஏறிவிடுகிறார்கள். மிச்சமிருக்கிற நெசவாளிகளுக்கு நாற்பது, ஐம்பது வயசு. இவர்கள் ஒரு புடவையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். முதலில் புடவையைத் திருப்புகிறார்கள். உடலும் கரையும் சேருகிற கோர்வை முன்பக்கம் யாருக்கும் அழகாகத்தான் தெரியும். பின்பக்கத்தில்தான் மூன்று நாடா போட்டு நெய்ததா, சுலப வழியில் ஒப்பேற்றியதா என்பது தெரியும். ஜரிகையைக் கொஞ்சம் சுரண்டுகிறார்கள், உள்ளே சிவப்புப் பட்டு இழை இருக்கிறதா என்று. 'நல்லா இருக்கு', 'நல்லா இல்ல' என்ற பேச்சே கடைசிவரை வருவதில்லை. 'பாவு இழுத்துக்கிச்சு', 'பெட்னி கனமாயிடுச்சு', இவ்வளவுதான். கேட்கிறவனுக்குத் தீர்ப்பு விளங்கிவிடுகிறது.

இதே ஆள் 'கங்குவா' பார்த்துவிட்டு வந்தபோது கேட்டேன். "இன்னா சார் சொல்றது, காதுதான் வலிக்குது" என்றார். கொஞ்சம் யோசித்து, "லாக் சார்" என்றார்.

முதலில் சொன்னது அவர் வார்த்தை. இரண்டாவது அவருக்கு இரவல் வந்தது. அந்த முதல் வார்த்தைதான் விமர்சனம் என்பேன். அந்தப் படத்தின் சத்தம் பற்றி அவர் மட்டுமா சொன்னார்? நாயகனின் மனைவி ஜோதிகாவே படத்துக்கு வந்த விமர்சனங்கள் அநியாயம் என்று எழுதிய அதே குறிப்பில், முதல் அரை மணி நேரம் சரியில்லை, சத்தம் இரைச்சலாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஒலியைக் குறைத்து ஓட்டும்படி தியேட்டர்காரர்களிடம் சொல்லப்பட்டது. பிறகு ஏறக்குறைய பன்னிரண்டு நிமிஷத்தை வெட்டினார்கள். 'இந்தியன் 2' படத்திலும் வெளியான பிறகு ஏறக்குறைய அதே அளவு வெட்டினார்கள். ஒரு நெசவாளி புடவையை விற்ற பிறகு வாங்கியவள் வீட்டுக்குப் போய் முந்தானையில் முக்கால் முழம் கத்தரித்துவிட்டு, 'இப்ப சரியா இருக்கும்மா' என்றால் என்ன நடக்கும்? சினிமாவில் இது சாதாரணம். பார்வையாளன் சொல்வதைக் கேட்டு வெட்டுகிறார்கள், பிறகு பார்வையாளன் சொல்லக்கூடாது என்று நீதிமன்றத்துக்கும் போகிறார்கள்.

ஆனால் அந்தச் சத்தம் எதற்கு? இதைத்தான் எவரும் கேட்கவில்லை. வெளியாகும் முன்பே தயாரிப்பாளர் இரண்டாயிரம் கோடி வசூல் பற்றிப் பேசிய படம் அது. ஒரு மனிதனை மனிதனைவிடப் பெரியவனாகக் காட்டியாக வேண்டும். கதையில் அதற்கான காரணம் ஒன்றுமில்லாதபோது சத்தத்தை ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இது தமிழ்நாட்டு வியாதி மட்டுமல்ல. மார்வெல் படங்களை மார்ட்டின் ஸ்கார்செஸி 2019-ல் கேளிக்கைப் பூங்காக்களுக்கு ஒப்பிட்டபோது உலகமெங்கும் ரசிகர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். நாலு வருஷத்தில், 2023 நவம்பரில் வந்த 'தி மார்வெல்ஸ்', அந்த வரிசையிலேயே மிகக் குறைவாக வசூலித்த படமாயிற்று. அதே ரசிகர்கள்தான் சலித்துப்போனார்கள். ஒரு படம் புரிய முன்னால் வந்த இருபது படங்களும், வீட்டில் பார்க்கிற தொடர்களும் தெரிந்திருக்க வேண்டும் என்றால் அது ரசனையா, வீட்டுப்பாடமா?

பதினெட்டு ராத்திரி பாரதம் பார்க்கிற ஜனங்களுக்கு இந்தத் தொடர்ச்சி ஒரு பாரமாக இருந்ததில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று ராத்திரி ராத்திரியாகக் கூத்து நடந்து, கடைசிக் காலையில் படுகளத்தில் களிமண் துரியோதனன் விழுகிறான். கர்ணன் சாவான் என்பதை ராத்திரி ஒன்பது மணிக்கே யாரும் யாருக்கும் சொல்லலாம். சொன்னவனை யாரும் அடிக்கப் போவதில்லை. கதை தெரிந்த பிறகுதான் கூத்து ஆரம்பிக்கிறது. மூன்று நாள் பேசாதே என்கிற தயாரிப்பாளரும், கதையைச் சொல்லிவிட்டானே என்று சண்டைக்கு வருகிற ரசிகனும் சேர்ந்து ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறார்கள். படத்தில் ஒரு சேதியைத் தவிர வேறெதுவும் இல்லை, சேதி வெளியே போனால் டிக்கெட் போயிற்று.

கூத்தைப் பற்றிப் பேசும்போது பழம்பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். நா. முத்துசாமி தெருக்கூத்தைச் சிறுபத்திரிகைக்காரர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்து அரை நூற்றாண்டாகிறது. அதற்கப்புறமும் கூத்தைச் சிலாகிப்பது நம்மிடையே ஒரு சடங்காகிவிட்டது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு உறுப்பு: கட்டியங்காரன்.

நாயகன் பிரவேசத்தைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்கிறார்கள். பின்னால் கிரீடத்தின் உச்சி மட்டும் ஆடுகிறது. சலங்கை கேட்கிறது. திரை விருத்தம் பாடுகிறான். கடைசியில் துணி விலகுகிறது. புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமுமாக ராஜா. நம் சினிமாவில் முதலில் செருப்பு, பிறகு கை, பிறகு கழுத்தின் பின்புறம், பிறகு மெதுவாக முகம் என்று காட்டுகிறார்களே, அது இங்கிருந்து போனதுதான் என்பது என் அபிப்ராயம். ஆனால் போகும்போது ஒன்றை விட்டுவிட்டுப் போயிற்று. கூத்தில் திரைக்கு இந்தப் பக்கம் கட்டியங்காரன் நிற்கிறான். 'நீ யாருப்பா, எந்த ஊரு, இன்னாத்துக்கு வந்தே?' என்று கேட்கிறான். ராஜா செய்யுளில் பதில் சொல்ல, அதை இவன் கொச்சையில் திருப்பிச் சொல்லிச் சிரிக்க வைக்கிறான். ராஜாவின் பெருமையை அறிவிப்பவனும் இவனே, கிண்டல் செய்பவனும் இவனே. மேடைக்கு வெளியே நின்றல்ல, மேடையிலேயே. அவன் கிண்டலுக்குப் பிறகும் நிற்கிற பெருமைதான் ராஜாவுடைய பெருமை. சந்தேகத்துக்கு இடம் கொடுத்து, அந்தச் சந்தேகத்தோடேயே கூத்து விடிய விடிய நடக்கிறது.

நட்சத்திர சினிமா இவனை வெளியே தள்ளிற்று. நகைச்சுவை நடிகர்கள் கொஞ்ச காலம் அவன் வேலையைப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் நாயகன் புகழ் பாடுகிற நண்பர்களானார்கள். வெளியே தள்ளப்பட்டவன் எங்கே போவான்? தியேட்டர் வாசலில்தான் நிற்கிறான், கையில் மைக்கோடு. அங்கிருந்தும் விரட்டு என்கிறது அறிக்கை. அவன் குரல் கரகரப்பாக, துவேஷமாக இருக்கிறது என்பது உண்மை. துட்டு வாங்கிக்கொண்டு புகழ்கிறவர்களும் திட்டுகிறவர்களும் உண்டு என்கிறார்கள், இருக்கலாம். உள்ளே இடமிருந்தபோது அவனுக்கு ஒரு கலை இருந்தது. வெளியே அவனுக்கு இரைச்சல் மட்டும்தான் இருக்கிறது.

தமிழில் அதிமனித நாயகன் ஏன் ஒட்டவில்லை என்பதற்கும் இது பதில் சொல்கிறது என்று நினைக்கிறேன். அதிமனிதனுக்கு இரண்டு முகம் வேண்டும். ஒன்று பறக்கிற முகம். இன்னொன்று ஆபீஸில் திட்டு வாங்குகிற முகம். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதற்கு அர்த்தமில்லை. நம் நட்சத்திரத்துக்கு இரண்டாவது முகம் அனுமதிக்கப்படவில்லை. எம்.ஜி.ஆர். கன்னத்தில் ஒரு மச்சம் ஒட்டிக்கொண்டால் படத்திலுள்ள வில்லனுக்கு அடையாளம் தெரியாது, தரை டிக்கெட்டுக்குத் தெரியும். அந்த முகத்துக்குத்தான் காசு. 2012-ல் மிஷ்கின் 'முகமூடி' எடுத்தபோது முகத்தை மூடிவிட்டார், உள்ளே பலவீனன் ஒருவனை வைக்கவில்லை. ஜனங்கள் ஏற்கவில்லை. விமர்சகர்கள் திரைக்கதை தொய்வு என்றார்கள். தொய்வு நோயின் அறிகுறி, நோயல்ல.

நம் ஜனங்களுக்கு இந்த ரசனையே அந்நியம் என்றும் சொல்ல முடியாது. 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டிஷ் 'வேலியண்ட்' பத்திரிகையில் 1962-ல் தொடங்கிய தொடர். ஒரு கையை இழந்தவன், இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் மறையாது. அவன் வல்லமை அவன் ஊனத்திலிருந்து வருகிறது, அதை ஒளிக்கவும் முடியாது. மின்சாரம் வேண்டுமென்று பிளக் பாயிண்டைத் தேடி அலைகிற ஒரு நாயகனைத் தமிழ்ப் பையன்கள் ஐம்பது வருஷமாக விரும்பி வந்திருக்கிறார்கள். நம் சினிமா வியாபாரிகளின் பார்வையில் இது விழவே இல்லை.

ஒரே ஒரு படம் கிட்டே வந்தது. மடோன் அஸ்வினின் 'மாவீரன்', 2023 ஜூலை. பத்திரிகைக்குச் சித்திரக்கதை வரைகிற ஒரு கோழை. குடிசையை இடித்துவிட்டு அரசாங்கம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடியில் குடியேறுகிறான். கைப்பிடி பெயர்ந்து வருகிறது, சுவர் விரிசல் விடுகிறது. சென்னை கே.பி. பார்க் குடியிருப்பில் சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை 2021-ல் நாம் படித்திருக்கிறோம். இவனுக்கு ஆகாயத்திலிருந்து ஒரு குரல் கேட்க ஆரம்பிக்கிறது, 'வீரன்' என்று இவனை வர்ணித்துக்கொண்டு. இவனோ ஓடப் பார்க்கிறான். குரல் விடுவதில்லை.

அந்தக் குரல் விஜய் சேதுபதியுடையது. 2019 ஏப்ரலில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் வந்தபோது ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுத, அயர்ன் மேனுக்குக் குரல் கொடுத்தவரும் இவரே. அப்போது பிள்ளைகள் கொதித்தார்கள். ஒட்டவில்லை, பழைய குரல் எங்கே என்று. 'மாவீரன்' வந்தபோது அதே குரலை அவர்களே கைதட்டி வரவேற்றார்கள். நடிகர் மாறவில்லை, குரல் மாறவில்லை. முதல் தடவை அந்தக் குரல் ஒரு வீரனின் வாய்க்குள் திணிக்கப்பட்டது. இரண்டாம் தடவை வீரனுக்கு வெளியே நின்று அவனை அறிவித்தது, அறிவிப்பதாலேயே கிண்டல் செய்தது. கோழை மாடிப்படியில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது ஒருவன் கம்பீரமாக அவன் வீரத்தை வர்ணிக்கிறான் என்றால், அது கட்டியம் கூறுவதுதானே? ஐம்பது வருஷமாகக் கூத்து பார்க்காத பிள்ளைகளுக்கும் அது உடனே பிடிபட்டது.

படம் முழுக்க அப்படி இல்லை. கடைசிப் பகுதியில் கட்டடம் சரிகிறது, குழந்தை மாட்டிக்கொள்கிறது, நாயகன் உள்ளே ஓடுகிறான், இசை உயர்கிறது. கிண்டல் அங்கே நின்றுவிடுகிறது. சந்தேகத்தோடு ஆரம்பித்த படம் பக்தியில் முடிகிறது. இதை எந்த விமர்சனத்திலும் நான் பார்க்கவில்லை. 'செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லாக்' என்றுதான் இருந்தது. ஒரு காலத்தில் ஆனந்த விகடன் '16 வயதினிலே'வுக்கு 62½ மார்க் போட்டதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த அரை மார்க் எந்தக் காட்சிக்கு என்று கேட்டவர் உண்டா? இன்று மார்க்குக்குப் பதில் ஐந்துக்கு மூன்றே கால் நட்சத்திரம்.

காதுதான் வலிக்குது என்ற மனிதரிடம் பிறகொரு நாள் 'மாவீரன்' பற்றிக் கேட்டேன். டி.வி.யில் பார்த்தாராம். அந்தக் கைப்பிடி பெயர்ந்து வருகிற இடத்தைச் சொல்லிச் சிரித்தார். "எங்க காலனி வீடும் அப்படித்தான் சார், ஜன்னலைத் தொட்டா கையோட வந்துடும்" என்றார். முடிவு எப்படி என்றேன். அதற்குள் கரண்ட் போய்விட்டதாம்.