வாராத விருந்தினர்

'பிக் நைட்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் 1996ஆம் ஆண்டு வெளிவந்தது. ஸ்டான்லி டூச்சி, கேம்பல் ஸ்காட் ஆகிய இருவரும் இதனை இயக்கினர். திரைக்கதையை டூச்சி தம் உறவினர் ஜோசப் டிரோப்பியானோவுடன் சேர்ந்து எழுதினார். அவ்வாண்டு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரைக்கதைக்கான பரிசினையும் இப்படம் பெற்றது. கலைக்கும் வணிகத்துக்கும் இடையே நிகழும் போராட்டமே இதன் கரு எனப் பலரும் கூறுவர். அக்கூற்றுப் பாதியளவே பொருந்தும்.

கதை 1950களில், நியூ ஜெர்சிக் கடற்கரை ஊரொன்றில் நிகழ்கிறது. இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்த உடன்பிறந்தார் இருவர் 'பாரடைஸ்' என்னும் உணவகத்தை நடத்துகின்றனர். மூத்தவன் பிரிமோ, இளையவன் செக்கோந்தோ. முதலாமவன், இரண்டாமவன் என்பதே அப்பெயர்களின் பொருள். அண்ணனுக்கு அடுக்களை; தம்பிக்குக் கூடமும் கணக்கும். சமையல் சிறந்திருக்க, இருக்கைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. தெருவின் மறுபுறத்தில் பாஸ்கல் என்பான் நடத்தும் உணவகமோ நிரம்பி வழிகிறது. அமெரிக்கர் எதனை இத்தாலிய உணவென்று எண்ணியிருந்தனரோ, அதுவே அங்குக் கிடைக்கும். வங்கி கடன் கேட்டு நெருக்குகிறது. உரோமில் உள்ள மாமனோ தம் உணவகத்துக்கு வந்துவிடுமாறு அழைக்கிறார். அண்ணனுக்கு அது விருப்பம். தம்பிக்கு அது தோல்வி.

தொடக்கத்திலே ஒரு காட்சி. வாடிக்கைப் பெண்ணொருத்தி ரிசோட்டோ கேட்கிறாள். வடிசாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றி, அரிசியைக் கிளறிக் கிளறி வேகவைக்கும் உணவு அது, விரைந்து முடியாது. நெடுநேரம் காத்திருந்து பெற்றவள், அதனோடு ஸ்பகெட்டியும் வேண்டும் என்கிறாள். பிரிமோ கொதித்தெழுகின்றான். அவன் சினத்தில் நியாயம் உண்டு. ஆயினும் உண்பவளின் அறியாமையை அவன் குற்றமாகவே கருதுகிறான். கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் அவனிடம் இல்லை. மாணவன் அறியாதவன் என்பதற்காக வகுப்பறையை விட்டு வெளியேறும் ஆசிரியரை எவரும் புலவர் என்று போற்றுவதில்லை. பிரிமோவை மட்டும் 'வளைந்து கொடுக்காத கலைஞன்' என்று பாராட்டுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். படம் மறக்கவில்லை. பூக்கடைப் பெண்ணிடம் ஒரு சொல் பேசவும் நாணி நிற்பவன் அவன். உணவு ஒன்றின் துணைகொண்டே பிறரை அணுக அறிந்தவன்.

பாடகரும் இசைக்குழுத் தலைவருமான லூயி பிரிமா தம் குழுவினருடன் உண்ண வருவார் என்று பாஸ்கல் உறுதி கூறுகிறான். பிரிமா (1910–1978) உண்மையில் வாழ்ந்தவர், சிசிலிய வழியினர், புகழ்பெற்றவர். எஞ்சியிருந்த பணம் முழுவதையும் செக்கோந்தோ அவ்விருந்தில் இடுகிறான். கலைக்காகத் தன்னிடம் உள்ளதையெல்லாம் பணயம் வைப்பவன் 'வணிகன்' எனப்படும் தம்பியே என்பது இங்குக் கருதத்தக்கது.

விருந்தின் தலைமையுணவு 'டிம்பானோ'. முரசு என்று பொருள்படும் சொல். மாவுத்தகட்டினால் பாண்டத்தின் உட்புறத்தைப் போர்த்தி, பாஸ்தா, இறைச்சியுருண்டை, அவித்த முட்டை, பாலாடைக்கட்டி முதலியவற்றை நிரப்பி மூடிச் சுடுவர். தென்னித்தாலியக் கலாபிரியாவிலிருந்து வந்த டூச்சியின் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் தோறும் சமைக்கப்பட்ட உணவு இது. பாண்டத்திலிருந்து கவிழ்த்தபின் அண்ணனும் தம்பியும் அதனைத் தட்டிப் பார்த்துச் செவிகொடுத்து நிற்கும் காட்சி நகைச்சுவையாயினும் வழிபாட்டின் அமைதி உடையது. அதற்கு முன் ரிசோட்டோவும் வருகிறது, இத்தாலியக் கொடியின் மூவண்ணத்தில். இம்முறை எவரும் துணைக்கு ஸ்பகெட்டி கேட்கவில்லை. உண்டு முடித்தபின் ஒரு பெண், தன் தாய்க்குச் சமைக்கவே தெரியாது என்று சொல்லி அழுகிறாள். பிரிமோவால் கற்பிக்க முடியும் என்பதற்கு இவ்வழுகையே சான்று.

பிரிமா வரவில்லை, பாஸ்கல் அவரை அழைக்கவே இல்லை. கடை நொடித்தால் இருவரும் தன்னிடம் வேலைக்கு வருவர் என்பது அவன் கணக்கு. பெண்பாத்திரங்கள் இப்படத்தில் மெலிந்தே காணப்படுகின்றன. பிலிசும் கேப்ரியெல்லாவும் செக்கோந்தோவின் தடுமாற்றத்தைக் காட்டுதற்கன்றி வேறெதற்கும் பயன்படவில்லை. இதனைக் குறையென்றே கொள்ள வேண்டும்.

பண்டைத் தமிழில் 'விருந்து' என்பது புதுமையையும் புதிதாய் வந்தவரையும் குறித்தது. உணவைக் குறித்தது பின்னரே. அப்பழம்பொருளில் நோக்கின் இவ்விருந்தில் விருந்தே இல்லை. வந்தோர் யாவரும் அண்டை அயலாரும் அறிந்தவருமே. புகழ்பெற்ற ஒருவருக்காகச் சமைத்ததைத் தமக்குரியவர் உண்டனர். இவ்விழப்பின் அளவை அன்றிரவு கடற்கரையில் ஒருவரையொருவர் பழித்துப் புரளும் அவ்விருவரும் உணரவில்லை.

உணர்த்துவது இறுதிக் காட்சி. பொழுது விடிகிறது. அடுக்களையில் உதவியாள் கிறிஸ்டியானோ உறங்குகிறான். செக்கோந்தோ முட்டையை உடைத்து, அடித்து, வாணலியில் ஊற்றுகிறான். ஏறத்தாழ ஐந்து நிமிடம் நீளும் இக்காட்சியில் கருவி இடையில் வெட்டுப்படவில்லை; பேச்சும் இல்லையென்றே சொல்லலாம். தனக்கும் உதவியாளுக்கும் பங்கிட்டபின், மூன்றாம் பங்கு வாணலியிலேயே இருக்கிறது. அண்ணன் இன்னும் உள்ளே வரவில்லை என்பதை மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். வந்ததும் தம்பி எழுந்து அதனைத் தட்டிலிட்டுக் கொடுக்கிறான். படம் முழுவதும் பிறர் நாவைக் குறை கண்ட பிரிமோ, உப்பில்லை என்றோ வேக்காடு போதாதென்றோ கூறவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டவாறு உண்கின்றனர். கடை என்னவாயிற்று, அவன் உரோமுக்குச் சென்றானா என்பவற்றைப் படம் சொல்லவில்லை.