நூல் தேடலும் நூல் வகையும்: ‘என் சரித்திரம்’ பற்றியதோர் ஆய்வு

1. தோற்றுவாய்

அரியலூர் மாவட்டத்தில் விக்கிரமங்கலம் என்றோர் ஊர் உளது. சோழர் காலப் பழமை வாய்ந்த அவ்வூரில் சிவன் கோயிலோடு புத்தர் திருவுருவும் சமணத் தீர்த்தங்கரர் திருவுருவும் காணக் கிடைத்துள்ளன. சமயம் பல அந்நிலத்தில் ஒருகாலத்து அருகருகே வாழ்ந்தன என்பதற்கு அக்கல்லுருவங்களே சான்று. ஆயின், அதே அரியலூர் வட்டாரத்தில் 1860-களில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், சமணப் பெருங்காப்பியமாகிய சிந்தாமணியையோ பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையையோ கற்கும் வாய்ப்பின்றியே வளர்ந்தார். அம்மாணவரே பின்னாளில் அவ்விரு நூல்களையும் பதிப்பித்துத் தமிழுலகுக்கு வழங்கிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆவர். விக்கிரமங்கலத்து உருவங்களை அவர் கண்டாரோ இல்லையோ, அது நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவதன்று. ஒரு நிலத்தில் உருவம் எஞ்சி நிற்க, அதற்குரிய நூல் கற்போர் கைக்கு எட்டாமற் போதல் எங்ஙனம் என்பதே ஈண்டு எழும் வினா.

ஒருவர் தம் பயிற்சி எல்லைக்கு அப்பாற்பட்ட நூல்களை எவ்வாறு அறிய நேர்கின்றது? இவ்வினாவுக்கு விடை தரும் நூல் தமிழில் ஒன்று உண்டெனின் அஃது ஐயரவர்களின் ‘என் சரித்திரம்’ ஆகும். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்து, ஆசிரியர் மறைவால் முற்றுப் பெறாது நின்று, 1950-இல் நூலுருப் பெற்றது அது. அதனை ஏட்டுச் சுவடி மீட்பின் வரலாறாகவே பலரும் போற்றுவர். யாம் அதனை ஒரு வாசகர் நூல்வகைகளின் வேலிகளைக் கடந்த வரலாறாகக் கொண்டு ஆராய முற்படுகின்றோம். அவ்வாறு நோக்குங்கால் அந்நூலின் பெருமையோடு அதன் எல்லையும் புலனாகும்.

2. ஆசிரியர் வழி அறிதல்

ஐயரவர்களின் இளமைக் கல்வி இன்று அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் அடங்கும் நிலப்பகுதியில் பெரிதும் நிகழ்ந்தது. தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமத்தானத்தோடு தொடர்புடைய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். அருணாசலக் கவிராயரின் இராமாயணக் கீர்த்தனங்களைப் பாடிப் பொருள் சொல்லி ஊர்தோறும் தங்கி வாழ்ந்தவர். தந்தையாரின் வாழ்வு ஊர்விட்டு ஊர் செல்லும் தன்மையதாகலின் மைந்தரின் கல்வியும் அங்ஙனமே அமைந்தது. அரியலூரில் சடகோபையங்கார் தமிழ்ச்சுவையை ஊட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகையும் கற்றனர்.

இப்பகுதியைப் பயில்வோர் ஓர் உண்மையை உணர்வர். ஓர் ஊருக்கு ஒரு புலவர். ஒரு புலவருக்குச் சில நூல். ஆசிரியர் கற்றிருந்த நூலே மாணவர் கற்கத்தக்க நூலாயிற்று. அச்சுப் புத்தகம் அரிதாய், சுவடி உடையவர் இல்லத்துள்ளே அடங்கிக் கிடந்த காலத்தில் ஆசிரியரே நூலகம். ஆகவே ஆசிரியரை மாற்றுதலே நூல்வகையை மாற்றுதற்குரிய வழியாயிற்று. 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தபோது, ஐயரவர்கள் அதுவரை கண்ட நூலகங்களுள் மிகப் பெரியதொன்றை அடைந்தனர் எனலாம்.

அந்நூலகமும் எல்லையற்றதன்று. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, கலம்பகம், தலபுராணம் எனப் பிரபந்தங்கள் அங்கே பாடமாயின, இலக்கணமும் பயிலப்பட்டது. பெயரளவில் வகை பல. ஆயின் அவை பெரும்பாலும் பிற்காலத்தன. பெரும்பாலும் சைவச் சூழலில் எழுந்தன. செய்யுள் உறுப்பாலும் பாடுபொருளின் அமைப்பாலும் வேறுபட்ட நூல்கள் உலகை நோக்கும் நோக்கால் ஒன்றுபட்டிருந்தன. வடிவின் பன்மை வேறு. நோக்கின் பன்மை வேறு. நூறு பிரபந்தம் கற்றவர் நூறு உலகங்களைக் கண்டவராகார். இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது, கற்ற நூல்களின் எண்ணிக்கையால் ஒருவர் புலமையின் பரப்பை அளத்தல் பொருந்தாது.

3. வினா வழி அறிதல்

1880-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் கும்பகோணத்தில் நிகழ்ந்த சந்திப்பு தமிழ் மாணவர் யாவரும் அறிந்தது. அந்நகருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராய் இருந்த இருபத்தைந்து வயது இளைஞரிடம், என்னென்ன நூல்கள் கற்றீர் என வினவினார். இளைஞர் கற்றவற்றை வரிசையாகக் கூறினார், பட்டியல் நீண்டது. கேட்டவர் வியக்கவில்லை. அவற்றால் ஆகும் பயன் யாது என்று அவர் வினவியதும், சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியன கற்றதுண்டோ என மேலும் கேட்டதும் ‘என் சரித்திர’த்துள் மறக்கவொண்ணாப் பகுதிகள்.

இந்நிகழ்ச்சியை ஒரு திருப்புமுனையாகக் கூறி, அதற்கு முற்பட்ட கல்வியைப் பயனற்றதென ஒதுக்குவாரும் உளர். யாம் அதனை உடன்படவில்லை. முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியை அவிழ்த்துப் பொருள் காண முற்பட்டபோது ஐயரவர்களுக்குக் கைகொடுத்தது எது? கார்குடி நன்னூலும், செங்கணத்துக் காரிகையும், பிள்ளையவர்களிடம் பெற்ற செய்யுட் பயிற்சியும் அன்றோ? சுவடியில் சிதைந்த சீர் ஒன்றனைத் தளை நோக்கித் திருத்தும் செவி ஒரு நாளில் வாய்ப்பதன்று. ஆகவே குறுகிய கல்வி கருவியைத் தந்தது. முதலியாரின் வினா அக்கருவியைச் செலுத்துதற்குரிய திசையைத் தந்தது. இரண்டுள் ஒன்றின்றி மற்றொன்று பயன்பட்டிராது.

ஆயினும் ஒன்று தெளிவாகும். அத்திசையைச் சுட்டியவர் தமிழ்ப் பாடஞ் சொல்லும் மரபினுட்பட்ட ஆசிரியரல்லர். ஒரு நீதித்துறை அலுவலர். மரபினுள்ளே நின்றோர்க்கு எழாத வினா புறத்தே நின்ற ஒரு வாசகர்க்கு எழுந்தது. சமணச் செய்திகளுக்கு விளக்கம் தந்தோரும் குடந்தைச் சமணரே. அவர்தம் இல்லங்களில் சிந்தாமணி வழிபாட்டுக்குரிய நூலாகப் பயிலப்பட்டு வந்தது. புலவருலகம் மறந்த நூலை ஒரு சமயத்தவர் மறவாதிருந்தனர். மணிமேகலைக்குப் பௌத்தக் கருத்துகளை விளக்கியவர் கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய ரங்காசாரியார். நூல் காணாமற் போயிற்று என்று நாம் கூறுவது பெரும்பாலும், அந்நூலை உடையாரோடு உரையாடுதலை நாம் விட்டுவிட்டோம் என்பதற்கு மறுபெயரே ஆகும்.

4. நூல் வழி அறிதல்

மூன்றாம் வழி இவ்விரண்டினும் நுண்ணியது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் வரைந்த உரையில் மேற்கோள்கள் மிகப் பல. அவை எந்நூலைச் சார்ந்தன என்பதை உரையாசிரியர் பெரும்பாலும் கூறிச் செல்வதில்லை. பதிப்பிக்கப் புகுந்த ஐயரவர்களுக்கு இஃது இடர்ப்பாடாயிற்று. திருவாவடுதுறை மடத்துப் பழஞ்சுவடிகளில் எட்டுத்தொகை நூல்களைக் கண்டு பயின்றபோது அம்மேற்கோள்களின் மூலம் அவற்றுட் கிடைக்கலாயின. இடர்ப்பாடே வழிகாட்டியாய் மாறிய அருமை இது.

இதன் விளைவைப் பதிப்பு வரிசையே காட்டும். சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903, பதிற்றுப்பத்து 1904, பரிபாடல் 1918, குறுந்தொகை 1937. ஐம்பது ஆண்டுகளில் விரிந்த இவ்வரிசையில் ஒரு நூல் மற்றொன்றனைக் காட்டிச் செல்லுதலைக் காண்கின்றோம். ஆசிரியர் தம் வாழ்நாளோடு மறைவர். வினவுவோர் எப்போதும் வாயார். நூலினுள் உறையும் மேற்கோளோ கற்பார்க்கு என்றும் வாயில் திறந்து நிற்கும். முதுகலை மாணவர் உரைநூல்களைத் தேர்வின்பொருட்டு மட்டும் புரட்டுதல் இவ்வாயிலை அடைத்தலாகும்.

5. கடவாத வேலி

இதுகாறும் ஐயரவர்கள் கடந்த வேலிகளைக் கூறினோம். இனி நெடிது கடவாதிருந்த வேலி ஒன்றனையும் நடுநிலையோடு கூறுதல் கடன்.

மாயூரத்தில் முன்சீபாய் இருந்த வேதநாயகம் பிள்ளை, பிள்ளையவர்களின் உற்ற நண்பர். அவர்மீது குளத்தூர்க் கோவை பாடப்பட்டது. தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அவர் இயற்றியதே. அஃது 1879-இல் வெளிவந்தது; முதலியார் சந்திப்புக்கு முந்தைய ஆண்டு அது. ஆயினும் ‘என் சரித்திர’த்துள் வேதநாயகம் பிள்ளை பெரிதும் செய்யுள் புனைந்தவராகவும் புலவரைப் போற்றியவராகவுமே காட்சி தருகின்றார். பழமையை நோக்கித் திரும்பிய கண் பக்கத்தே பிறந்த புதுவகையின்மேல் நிலைக்கவில்லை. இதனைக் குறையென்று யாம் இகழ்கின்றிலேம். ஒரு திசையில் நெடுந்தொலைவு காண்பார்க்கு மறுதிசை மங்குதல் இயல்பு. ஆனால் அவ்வியல்பை ஆராய்ச்சியாளர் குறிக்காது விடுதல் முறையன்று.

ஈண்டு ‘சரித்திரம்’ என்னும் சொல் நம் கருத்தை ஈர்க்கின்றது. 1879-இல் அது புனைகதையின் பெயர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1890-களிலும், மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898-இலும் அவ்வாறே பெயர் பெற்றன. 1933-இல் வெளிவந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்திலோ அது மெய்யான வாழ்க்கையின் பெயர். பின்னர்த் தன்வரலாற்றுக்கும் அதுவே பெயராயிற்று. புனைவுக்கும் நிகழ்ந்ததற்கும் தமிழ் மக்கள் ஒரே சொல்லைத் தயக்கமின்றி வழங்கினர். இதனைச் சொல்வறுமை எனக் கொள்ளுதல் பிழை. அகப்பொருள் கூறுங்கால் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் இணைத்தே பேசிய தொல்காப்பியர், செய்யுளியலில் உரைவகைகளை எண்ணுங்கால் பொருளில்லாப் பொய்ம்மொழிக்கும் பொருளொடு கூடிய நகைமொழிக்கும் தனித்தனி இடம் அளித்தார். வேறுபாட்டை அறிந்தும் இரண்டனையும் ஒரு கூரையின்கீழ் வைத்துப் போற்றியது நம் மரபு.

ஐயரவர்களும் இறுதியில் அவ்வேலியை வேறொரு வழியாற் கடந்தனர். மணிமேகலையை விளக்க வேண்டிய தேவையே ‘புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம்’ என்னும் உரைநடை நூலை எழுதச் செய்தது. முதுமையில் ‘நான் கண்டதும் கேட்டதும்’, ‘புதியதும் பழையதும்’, ‘நினைவு மஞ்சரி’ ஆகியவற்றை எழுதினர். அவற்றிலும் ‘என் சரித்திர’த்திலும் உரையாடலும், பாத்திரப் படைப்பும், ஆவலைத் தூண்டி நிறுத்தும் முடிப்பும் சிறுகதை, நாவல் ஆசிரியர்க்குரிய திறத்தோடு அமைந்துள்ளன. செங்கணத்து ரெட்டியாரைப் படிப்போர் ஒரு நாவலின் மாந்தரைப் போலவே அவரை நேசிப்பர். நாவலை அணுகி ஆராயாத ஒருவர், நாவலின் இன்பத்தைத் தன்வரலாற்றின்கண் தந்தனர். இதுவே அந்நூலின் இலக்கியச் சிறப்பென யாம் கருதுகின்றோம். ஏடு தேடிய வரலாறு என அதனைச் சான்று நூலாக மட்டும் கொள்வோர் இச்சிறப்பை இழப்பர். கதைபோற் படித்து மட்டும் அமைவோர் அதன் சான்றுமதிப்பை இழப்பர்.

6. நூலகத் தட்டும் நம் கடமையும்

மேற்கூறிய மூன்று வழிகளோடு நான்காம் வழி ஒன்று இந்நூற்றாண்டினர்க்கு உண்டு. அது நூலகத் தட்டு. சீகாழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளுள், ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்தம் நூல் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பதும் அடங்கும். 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற பொது நூலகச் சட்டம், ஊர்தோறும் நூலகம் அமைதற்கு வழிகோலியது. ஒரு புலவரைத் தேடி ஊர்விட்டு ஊர் சென்ற நிலை மாறிற்று.

ஆயினும் நூலகத் தட்டுக்கும் வேலி உண்டு. நாவல் ஓரிடம், தன்வரலாறு ஓரிடம், காப்பியம் ஓரிடம், சமயம் ஓரிடம் எனப் பிரித்து வைத்தல் தேடுவார்க்கு எளிமை தரும். தேட வேண்டுமென்ற எண்ணமே எழாதார்க்கு அது மறைப்பும் ஆகும். நம் துறைகளிலும் இக்குறை உண்டு. சங்க இலக்கியம் ஆய்வோர் நாவலைத் தொடார். நாவல் ஆய்வோர் உரைநூலை அணுகார். பாடத்திட்டம் வரைந்த வட்டத்துள் பல நூல் கற்று, பட்டியல் நீண்டதென மகிழ்கின்றோம். 1880-இல் இளைஞர் ஒருவர் கூறிய பட்டியலும் நீண்டதே என்பதை நாம் நினைதல் வேண்டும்.

7. முடிவுரை

ஆசிரியர் வழி, வினா வழி, நூல் வழி என மூன்று வழிகளால் ஒருவர் தம் எல்லைக்கு அப்பாற்பட்ட நூல்களை அறிகின்றார் என்பதை ‘என் சரித்திரம்’ காட்டுகின்றது. வடிவின் பன்மை நோக்கின் பன்மையாகாது என்பதும், ஒரு வேலியைக் கடந்தார்க்கும் மற்றொரு வேலி எஞ்சும் என்பதும் அதன்வழி நாம் பெறும் முடிபுகள். ஆகவே ஆய்வு மாணவர், தம் பொருளுக்கு நேரே உரிய நூல்களோடு, அவ்வகையைச் சாராத நூல் ஒன்றனையேனும் உடன்வைத்துப் பயிலுதல் நலம். மணிமேகலை கற்பார் ‘புத்த சரித்திர’த்தையும், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ கற்பார் ‘என் சரித்திர’த்தையும் உடன்கொள்வாராயின் இரண்டும் துலங்கும்.

விக்கிரமங்கலத்தில் புத்தர் உருவைக் காணும் மாணவர்க்கு அவ்வுருவின் பின்னே மணிமேகலை நினைவுக்கு வரல் வேண்டும். மணிமேகலை கற்கும் மாணவர்க்கு அதன் சமயம் தம் மாவட்டத்து மண்ணிலே வாழ்ந்தது என்பது நினைவுக்கு வரல் வேண்டும். உருவத்தையும் நூலையும் இணைத்துக் காணும் அந்நிலை வாய்க்கும்போதே முதலியார் எழுப்பிய வினாவுக்கு நாம் விடை கூறியவராவோம்.