காலாவதி: ஒரு சொல், இரண்டு அர்த்தம்

லினக்ஸில் என்எஃப்எஸ் 4 மவுண்ட் போட்டு வேலை பார்க்கிறவர்களுக்குப் பழகிய கூத்துதான் இது. நேற்றுவரை உரிமையாளர் பெயர் ஒழுங்காகக் காட்டிய கோப்புகள் திடீரென்று 4294967294 என்று காட்டும். ஆராய உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் தானாகவே சரியாகிடும். பிறகு எதை ஆராய்வது?

அந்த எண் சும்மா வந்ததில்லை. 32 பிட்டில் எழுதிய -2 அது. ‘நோபடி’ என்று வந்தால் பெயரைத் தேடியும் கிடைக்கவில்லை, பெரும்பாலும் டொமைன் பொருந்தவில்லை என்று பொருள். எண்ணாக வந்தால் தேடலே முறிந்துவிட்டது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து ஐடிமேப்டி கான்ஃபிக் கோப்பைப் போட்டுக் குடைகிறவர்கள் நிறைய பேர்.

என்எஃப்எஸ் 3 பயனர் எண்ணையே அனுப்பியது. 4 பெயரை அனுப்புகிறது. பெயருக்கு எண் தேடிய விடையைக் கெர்னல் ஒரு ‘கீ’யாகச் சாவிவளையத்தில் வைக்கும். இயல்பான ஆயுள் 600 வினாடி. செத்த கீயைக் குப்பை கூட்ட இன்னும் 300 வினாடி. பழைய கெர்னல்களில் அந்த இடைவெளியில் கேட்டால், செத்த கீ கையில் தட்டுப்பட்டு “காலாவதி” என்று பிழை திரும்பும். புதிதாகத் தேடவே தேடாது.

என் குற்றச்சாட்டு இங்கேதான். கெர்பரோஸ் டிக்கெட் காலாவதியானால் கதவை மூடுவது சரி. ஆனால் இது டெலிபோன் டைரக்டரி மாதிரி ஒரு கேஷ்; இங்கே காலாவதி என்றால் “மறுபடி கேட்டுக்கோ” என்பதுதான். ரகசியம் வைக்கும் பெட்டியிலேயே டைரக்டரியையும் வைத்ததால் வந்த வினை. 2014 டிசம்பரில் டேவிட் ஹவல்ஸ் இதைத்தான் திருத்தினார்: காலாவதியான கீ எதிர்ப்பட்டால் ரிக்வஸ்ட் கீ புதிதாக வாங்கி வரணும்.

திருத்தம் வராத கெர்னலில் ஆயுளை ஒரு நாளாக நீட்டச் சொல்லும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. கோளாறு அடிக்கடி வராது, அவ்வளவுதான். போதாததற்கு, பயனர் எண் மாறினாலும் பழைய விடையே நாள் முழுக்க ஓடும். ‘என்எஃப்எஸ்ஐடிமேப் -சி’ போட்டு வளையத்தைக் காலி செய்வது மேல். அதற்கு முன் ப்ராக் அடியில் ‘கீஸ்’ கோப்பைப் பாருங்க. ஐடி ரிசால்வர் வரிகளில் ‘எக்ஸ்பிடி’ என்றிருந்தால் ஆள் அகப்பட்டான்.

பிழையை ஓர் உரிமையாளர் எண்ணாக வேஷம் கட்டிவிட்டதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் டார் பேக்கப் ஓடியிருந்தால் அது 4294967294 என்றே நம்பி எழுதிக்கொள்ளும். பேக்கப் வெற்றி என்று லாகும் சொல்லும்.